நாற்பது தப்படிக் கோடை

சென்ற இதழில், "இந்தக் கோடையில் உங்கள் வாசலிலிருந்து நாற்பது தப்படிக்குள் கண்ட பூ, பூச்சி, பறவை பற்றிக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். அது என்ன நாற்பது கணக்கு என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடங்களுக்கு முன், பங்குனியில், எனக்கு வலது முழங்காலில் அறுவை நடந்தது. வாசலில் இறங்கி நாற்பது தப்படி போகலாம், திரும்பி வரலாம், இரண்டு மாதத்துக்கு அதற்கு மேல் கூடாது என்றார்கள். ராஜபாளையத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு எங்களுடையது. அடுத்தது காலி மனை. நாற்பதாவது தப்படியில் அந்த மனையின் கோடியில் நிற்கும் வேப்பமரம் வந்துவிடும். முப்பத்தொரு வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவள் நான். பிள்ளைகளை அய்யனார் அருவிப் பக்கம் கூட்டிப்போய் வண்ணத்துப்பூச்சி காட்டியிருக்கிறேன். அந்த மனைக்குள் மட்டும் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அந்த இரண்டு மாதமும் பார்த்தேன். அன்றிலிருந்து நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். இப்போது ஓடுவது நான்காவது நோட்டு. கீழே வரும் பதில்களில் பாதி அதிலிருந்துதான்.

மழைக்காலம் என்றால் சரி டீச்சர். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் புல்லே கருகிக் கிடக்கிறது. பூவையும் பூச்சியையும் எங்கே போய்ப் பார்ப்பது?
– ஒரு வாசகி, சாத்தூர்

உங்கள் தெருவில் எருக்கு இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே தொடங்குங்கள்.

காலை ஏழு மணிக்குள் போங்கள். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற பூதானே என்று தாண்டிப் போகாமல், ஒரு கொத்தின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். முதலில் வருவது கருவண்டு. கட்டை விரல் நுனி பருமன், உடம்பெல்லாம் கறுப்பு, சிறகில் வெயில் பட்டால் நீலமும் ஊதாவும் மின்னும். அது வண்டு இல்லை, தேனீக்களின் சொந்தக்காரி. காய்ந்த மரத்தில் துளை போட்டுக் குடியிருப்பது. எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக உதிராது. இரண்டு சிறு மஞ்சள் பொட்டலங்களாக, ஒரு கிளிப்பில் கோத்ததுபோல, பூவின் நடுக்கிரீடத்துப் பிளவுக்குள் ஒளிந்திருக்கும். கருவண்டு தேன் குடிக்கும்போது அதன் கால் அந்தப் பிளவில் வழுக்கி இறங்கி, பொட்டலத்தை மாட்டிக்கொண்டு வெளியே வரும். அடுத்த பூவில் அது கழன்று சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். அத்தனை பூ பூக்கும் செடியில் காய் ஏன் ஒன்றிரண்டாகத் தொங்குகிறது என்று நான் பல வருடம் யோசித்ததுண்டு. இந்தப் பிளவை ஊசி வைத்துத் திறந்து பார்த்த அன்றுதான் விளங்கியது.

அப்புறம் இலையைத் திருப்புங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள் போட்ட புழு ஒன்று, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளோடு இருந்தால், அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. எருக்கம்பாலில் உள்ள நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால், வளர்ந்து பறக்கும்போதும் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். அது நிதானமாகப் பறப்பதைக் கவனியுங்கள். எதற்கும் அவசரமில்லாத பறத்தல். அதே செடியில் மஞ்சளும் நீலமும் தீட்டிய ஒரு வெட்டுக்கிளி இருக்கலாம். அதைக் கையில் பிடிக்க வேண்டாம், நாற்றமான நீரைப் பீய்ச்சும். தண்டின் நுனியில் மஞ்சள் அசுவினிப் பூச்சிகள் அப்பியிருக்கும். அசுவினி இருந்தால் அதைத் தின்ன வரும் பொறிவண்டும் இருக்கும். ஒரே ஒரு எருக்குக்கு ஒரு வாரம் போதாது.

எருக்கோடு நிறுத்த வேண்டாம். கருகிய புல்லுக்கு நடுவே தரையோடு தரையாகக் கொடி விட்டு, மிளகளவில் ஊதாச் சிவப்புப் பூ வைத்திருப்பது மூக்கிரட்டை. அதன் வேர் தடித்து ஆழமாக இறங்கியிருப்பதால்தான் மேலே எல்லாம் காய்ந்தபோதும் அது பச்சையாக நிற்கிறது. நெருஞ்சியைக் காலில் குத்தும்போது மட்டும் நினைக்கிறோம். காலை எட்டு மணிக்கு அதன் மஞ்சள் பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். சூரியனை நோக்கித் திரும்பும் பூ என்று சங்கப் புலவர்களே கண்டு பாடியிருக்கிறார்கள். துத்திக்குக் காலையில் போனால் ஏமாந்து வருவீர்கள். அதன் பூ விரிவது மதியம் திரும்பிய பிறகு. மூன்று மணிக்கு மேல் போனால் ஆரஞ்சு கலந்த மஞ்சளில் செடி முழுக்கப் பூவாக இருக்கும். பள்ளிக்கூட நாளில் மையில் தொட்டுத் தாளில் அச்சுக் குத்தினோமே, அந்தச் சக்கரக் காய் இதனுடையதுதான். காய்மேல் சிவப்புப் பூச்சிகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நடக்கும். நம் பக்கத்துப் பருத்திக் காட்டுக்காரர்களுக்கு அவற்றை நன்றாகத் தெரியும். பருத்தியும் துத்தியும் ஒரே குடும்பம் என்பது அந்தப் பூச்சிகளுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டு ஓட்டுச் சரிவுக்குக் கீழே மண்ணில் புனல் மாதிரி நிறையக் குழிகள் இருக்கின்றன. ஆச்சி அதைக் குழியானை என்கிறார். உள்ளே இருப்பது என்ன? பெரிதானால் என்ன ஆகும்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், அருப்புக்கோட்டை

தம்பி, உன் ஆச்சி சொன்னது சரியான பெயர். குழிநரி என்றும் சொல்வார்கள். மழை படாத, பொடியான, காய்ந்த மண்தான் அதற்கு வேண்டும். அதனால் கோடையில் ஓட்டுச் சரிவு, திண்ணையோரம், கோயில் மண்டபத் தரை எல்லாம் அதற்கு நல்ல இடம்.

குழியின் அடியில், மண்ணுக்குள் உடம்பை மறைத்து, தாடை இரண்டை மட்டும் விரித்து வைத்துக் காத்திருக்கும். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்தால் மண் சரியும். எறும்பு ஏறப் பார்த்தால் குழியானை தலையால் மண்ணை வாரி மேலே வீசும், மறுபடி சரியும். விழுந்த எறும்பை ஊசிபோல உட்குழல் உள்ள தாடையால் குத்தி, சாற்றை உறிஞ்சிவிட்டு, வெறும் தோலை வெளியே எறிந்துவிடும். குழிக்குப் பக்கத்தில் எறும்புத் தோல் கிடக்கிறதா என்று பார். கிடந்தால் குழியில் ஆள் இருக்கிறது.

ஒன்றை மெதுவாகத் தேக்கரண்டியில் மண்ணோடு அள்ளி, காகிதத்தில் விடு. பின்னாலேயே நடக்கும், முன்னால் நடக்கத் தெரியாது. இன்னொரு சங்கதி உன் வயதில் எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ மகிழ்ந்திருப்பேன்: புழுவாக இருக்கும் காலம் முழுவதும் அது கழிவே வெளியேற்றாது. குடலின் பின்வழி மூடியிருக்கும். சேர்ந்ததையெல்லாம், சிறகு முளைத்து வெளியே வந்த பிறகுதான் ஒட்டுமொத்தமாகக் கழிக்கும்.

பெரிதானால் மண்துகளையும் பட்டு நூலையும் சேர்த்துப் பட்டாணி போல ஓர் உருண்டை கட்டி, அதற்குள் உருமாறும். வெளியே வருவது தட்டானைப் போலவே இருக்கும். குழம்ப வேண்டாம், இரண்டு அடையாளம் சொல்கிறேன். தட்டானுக்கு உணர்கொம்பு இருக்கிற இடமே தெரியாது. இதற்கு நுனி தடித்த கொம்புகள் நன்றாகத் தெரியும். தட்டான் உட்காரும்போது சிறகை விரித்து வைக்கும்; இது ஓட்டுக்கூரை மாதிரி உடம்பின்மேல் சாய்த்து மூடும். இரவில் விளக்குக்கு வரும், பறப்பதும் தட்டான் போல வேகமாக இராது. குழிகளை எண்ணி ஒரு தாளில் படம் போட்டு வை. பத்து நாள் கழித்துத் திரும்ப எண்ணு. எத்தனை இடம் மாறியது என்று எனக்கு எழுது.

அள்ளியதை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். சொல்லாமலே செய்வாய் என்று தெரியும்.

சுவர் மூலையில் குளவி மண்கூடு கட்டுகிறது. புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் குளவியாக்கும் என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா?
– ஒரு வாசகர், தென்காசி

உங்கள் தாத்தா கண்ணால் கண்டது அத்தனையும் உண்மை. குளவி புழுவைக் கொண்டுவருவதும் உண்மை, கொட்டுவதும் உண்மை, கூட்டுக்குள் வைத்து மூடுவதும் உண்மை, சில வாரம் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வருவதும் உண்மை. மூடிய மண்ணுக்குள் நடந்தது மட்டும்தான் அவர் பார்க்க முடியாதது.

குளவி கொட்டுவது புழுவைச் சாகடிக்க இல்லை, அசையாமல் செய்ய. செத்தால் அழுகிவிடும். உயிரோடு, ஆனால் நகர முடியாமல் கிடக்கும் அந்த உணவோடு ஒரு முட்டையை வைத்து அறையை மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிப் பிள்ளை வைத்த தீனியைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து மண்ணைக் குடைந்து வெளியே வரும். புழு குளவியாகவில்லை, குளவிக்கு உணவாகியது.

உங்கள் வீட்டில் இருப்பது எது என்பதைக் கூட்டின் வடிவம் சொல்லும். வாய் குறுகிய சின்னக் குடம்போல அழகாக இருந்தால் அது புழு பிடிக்கும் இனம். நீளமான அறைகளை ஒன்றோடொன்று ஒட்டி, மேலே கை போன போக்கில் மண்ணை அப்பியதுபோல இருந்தால் அது சிலந்தி பிடிக்கும் இனம். போன வைகாசியில் எங்கள் பூஜை அறைச் சுவரில் குளவி வெளியேறிவிட்ட ஒரு கூட்டை எடுத்துத் திறந்தேன். ஐந்து அறைகள். ஓர் அறையில் முட்டை பொரியவே இல்லை போலும், வைத்த சிலந்திகள் அப்படியே காய்ந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

குளவிக் கூடு வைத்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று நம்மவர்கள் அதைக் கலைக்காமல் விடுவார்கள். அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். இந்தக் குளவிகள் கூட்டமாக வாழ்பவை அல்ல, நாம் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்ட வராது. பிளக் ஓட்டையில் மண் வைத்தால் மட்டும் விட முடியாது. தொடங்கும்போதே ஓட்டையின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், வேறு இடம் தேடிக்கொள்ளும்.

பால்கனியில் துணி காயப்போடும் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. பூனை பயம் இருக்கிறது. கூட்டை மெதுவாக வேறு இடத்துக்கு மாற்றலாமா?
– ஒரு வாசகி, மேடவாக்கம்

மாற்ற வேண்டாம். ஒரு முழம் நகர்த்தினாலும் தாய் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். கூட்டை அப்படியே விட்டு, பூனை எந்த வழியாக ஏறுகிறதோ அந்த வழியை அடைத்துவிடுங்கள். பக்கத்தில் ஸ்டூல், தொட்டி எதுவும் இருந்தால் தள்ளி வையுங்கள். துணியை வேறு கொடியில் போடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அந்தக் கூட்டைத் தள்ளி நின்று நன்றாகப் பாருங்கள். கட்டுவது பெண் பறவை. ஆண் பக்கத்தில் கத்திக்கொண்டு கூடவே பறக்கும். சிலந்தி நூலை அலகில் சுருட்டி வந்து, நாரையும் சருகையும் அதால் கட்டிக் கோக்கும். வெளிப்புறத்தில் பட்டைத்தூள், புழுவின் எச்சம், காகிதத் துணுக்கு எல்லாம் ஒட்டி, காற்றில் தொங்கும் குப்பை என்று நினைக்கும்படி செய்யும். வாசல் பக்கவாட்டில், அதற்கு மேலே ஒரு சிறு தாழ்வாரம். வழக்கமாக முட்டை இரண்டு. இரண்டு வாரத்தை ஒட்டி அடை, அதன் பிறகு குஞ்சு பறக்க இன்னும் இரண்டரை வாரம் ஆகலாம். குஞ்சுக்குத் தேன் போதாது, சிலந்தியும் சின்னப் பூச்சிகளும்தான் ஊட்டுவார்கள். அந்த வேலையில் ஆணும் சேர்ந்துகொள்ளும். அதனால் இந்த ஒரு மாதம் பால்கனியில் ஒட்டடை அடிக்காதீர்கள், மருந்தும் தெளிக்காதீர்கள். போன் கேமராவைக் கூட்டின் வாசலருகே கொண்டுபோக வேண்டாம்.

வீடு கட்ட வாங்கிப் போட்ட மனையில் சரளை கொட்டியிருந்தோம். அதன்மேல் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை வைத்திருக்கிறது. பக்கத்தில் போனாலே தலைக்கு மேலே பறந்து கத்துகிறது. வைகாசியில் வேலை தொடங்க வேண்டும். என்ன செய்வது?
– ஒரு வாசகர், பெரியகுளம்

நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியதற்கு முதலில் நன்றி. எழுதாமல் வேலையைத் தொடங்கியிருக்கலாம்.

எங்கள் பக்கத்து மனையிலும் ஆள்காட்டி வைக்கும். செம்மூக்கு ஆள்காட்டி, கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல் தொங்குமே, அது. கூடு என்று சொல்ல ஒன்றும் இராது. தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிக் கூழாங்கல்லோ ஆட்டுப் புழுக்கையோ அடுக்கியிருக்கும். முட்டைகள் மண் நிறத்தில் கறுப்புத் தீற்றல்களோடு, கூர்முனை உள்ளே பார்க்க, நான்கும் சேர்த்து வைத்திருக்கும். இரண்டு தப்படி தள்ளி நின்றும் நான் பலமுறை கண்ணில் தவற விட்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த மனையைச் சுத்தம் பண்ண ஒரு காலை நேரம் ஜேசிபி வந்தது. நான் குளித்துவிட்டு வெளியே வருவதற்குள் பாதி மனை வழித்தாகிவிட்டது. கையைக் காட்டிக்கொண்டே போனேன், கால் வலியோடு ஓட முடியவில்லை. ஓட்டுநர் நிறுத்தினார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. முட்டை இருந்த இடத்தில் சக்கரத் தடம் இருந்தது. இரண்டு பறவைகளும் அன்று சாயங்காலம் வரை அங்கேயே சுற்றிச் சுற்றிக் கத்தின. இரவு பதினோரு மணிக்கும் சத்தம் கேட்டது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் போன வருடம் பங்குனி பிறந்ததுமே மனைக்காரர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவருடைய அம்மாதான் எடுத்தார். விவரம் சொன்னதும், "முட்டை மேல மண்ணள்ளிப் போட்டு வீடு கட்டி நாங்க எப்படிக்கா குடியிருக்கிறது? குஞ்சு போகட்டும்" என்றார். பிறகு நான் திண்ணையில் உட்கார்ந்து இருபத்தேழு நாள் பார்த்தேன். கத்திரி வெயில் தொடங்கிய பிறகு, மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு பறவை போகும், இன்னொன்று வந்து உட்காரும். போனது தெருக்குழாயடியில் தேங்கிய தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அப்படியே முட்டைமேல் உட்காரும். முட்டை வேகாமல் இருக்க அது செய்யும் ஏற்பாடு அது. அந்த வெயிலில் அவை அடை காத்தது சூடு கொடுக்க இல்லை, சூட்டைத் தடுக்க. இருபத்தெட்டாம் நாள் காலை மூன்று குஞ்சுகள். மத்தியானத்துக்குள் நாலாவது. சாயங்காலம் பார்க்கிறேன், தாயின் பின்னால் மனையைத் தாண்டி நடந்து போய்க்கொண்டிருக்கின்றன. கூட்டில் வைத்து ஊட்டுகிற வழக்கம் இவற்றுக்கு இல்லை, பிறந்த ஒரு நாளைக்குள் நடந்துவிடும்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். அடை காலம் நான்கு வாரத்துக்குச் சற்று முன்பின். நீங்கள் முட்டையைப் பார்த்தே பத்து நாள் ஆகியிருந்தால், மிச்சம் மூன்று வாரத்துக்கும் குறைவு. நாலு மூலையிலும் கம்பு நட்டு, பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டிவிடுங்கள். கொத்தனாரிடமும் லாரிக்காரரிடமும் நேரில் காட்டிச் சொல்லுங்கள், போனில் சொன்னால் மறந்துவிடும். மத்தியான வேளையில் பக்கத்தில் போகவே வேண்டாம். நம்மால் பறவை எழுந்து பத்து நிமிடம் விலகி நின்றாலே அந்தச் சரளைமேல் முட்டை தாங்காது. குஞ்சு நடந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள்.

குயில் கூடவே உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்புப் பறவை ஒன்று வருகிறது. அது செண்பகமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

இல்லை, அது பெண் குயில். ஆண்தான் கறுப்பு. கூவுவதும் ஆண்தான், பெண் "கிக்கிக்கிக்" என்று வேகமாகக் கத்தும். செண்பகம், அதாவது செம்போத்து, காக்கையைவிடப் பெரிதாகத் தெரியும், சிறகு செங்கல் நிறம், பெரும்பாலும் தரையிலும் வேலியிலும் நடக்கும், தன் கூட்டைத் தானே கட்டும். உங்கள் தெருவில் காக்கை கூடு கட்டுகிறதா என்று பாருங்கள். ஆண் குயில் காக்கையைச் சீண்டித் துரத்த வைக்கும் நேரத்தில் பெண் எங்கே போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

மத்தியானம் முழுக்க யாரோ பாத்திரம் தட்டுவதுபோல "டுக் டுக் டுக்" என்று சத்தம். பறவை கண்ணில் படவே இல்லை.
– ஒரு வாசகர், திருச்சி

செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது, இலைப்பச்சை நிறம், நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. இலையோடு இலையாக இருப்பதால் தெரியாது. காலை வெயில் ஏறும் முன்பு மரத்தின் உச்சியில் காய்ந்த கிளையைப் பாருங்கள், அங்கே வந்து உட்காரும். கத்தும்போது அலகு மூடியே இருக்கும், தொண்டை மட்டும் புடைத்துப் புடைத்து அடங்கும். முருங்கையிலோ பூவரசிலோ பட்டுப்போன கிளை இருந்தால் வெட்டாமல் விடுங்கள். அதில்தான் துளை போட்டுக் குஞ்சு பொரிக்கும்.

மாடியில் பறவைக்குத் தண்ணீர் வைத்தால் தேனீக்கள் மொய்க்கின்றன, கொசுவும் வருகிறது. வைக்கலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, சேலம்

வையுங்கள். அகலமான மண்சட்டி, இரண்டு விரற்கடை ஆழத் தண்ணீர், நடுவில் சொரசொரப்பான ஒரு கல். நிழலில், ஆனால் பூனை பதுங்க இடமில்லாத திறந்த பக்கமாக. தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய் நார் போட்டு உட்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். வெறுமனே மாற்றினால் போதாது. டெங்கு பரப்பும் கொசு தன் முட்டையைச் சட்டியின் ஓரத்தில் ஒட்டி வைக்கும், காய்ந்தாலும் பல மாதம் தாங்கும்.

தேனீக்கள் குடிக்க மட்டும் வரவில்லை. கூடு சூடேறும்போது தண்ணீரைக் கொண்டுபோய் அடைகளில் துளித்துளியாகப் பரப்பி, சிறகால் விசிறிக் குளிர்விக்கும். உங்கள் சட்டி பக்கத்தில் எங்கோ உள்ள ஒரு கூட்டைக் காப்பாற்றுகிறது. தண்ணீர் எடுக்க வருகிற தேனீ நம்மைக் கொட்டுவதில் அக்கறை காட்டாது, கை வைத்து அழுத்தாமல் இருந்தால் சரி. அவற்றுக்கென்று தனியாக ஒரு தட்டில் ஈரச் சாக்கு வையுங்கள். பறவைச் சட்டியில் கூட்டம் குறையும்.

எங்கள் தோட்டத்தில் தானாக முளைப்பதில் பாதி வெளிநாட்டுச் செடி என்று மகன் சொல்கிறான். எல்லாவற்றையும் பிடுங்கிவிடட்டுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

மகன் சொல்வது சரி, ஆனால் ஒன்றுபோல எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு எடுங்கள். தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாதது, மற்றதை முளைக்கவும் விடாது. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

வெட்டுக்காயப் பூண்டை என்னால் அப்படிச் சொல்ல முடியாது. கிணற்றுப்பாசான் என்றும், பூவைப் பார்த்து மூக்குத்திப்பூ என்றும் சொல்வோம். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் சித்திரையில் எங்கள் மனையில் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்கார மிச்சமிருக்கும் பூ அநேகமாக அது ஒன்றுதான். நடைபாதையில் உள்ளதை எடுத்துவிட்டு, வேலியோரத்தில் உள்ளதை விட்டு வைக்கிறேன்.

சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் நம் பக்கம் நிலம் நிலமாக அடைத்துக்கொண்டது. அதை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் ஊரில் கள்ளி இருந்தால் மட்டையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா பாருங்கள், அதற்குள் இருப்பது அந்தப் பூச்சிதான். குச்சியால் நசுக்கினால் இரத்தம்போல் சிவப்புச் சாறு வரும். கோடையில் பூக்கும் அதன் மஞ்சள் பூவுக்குள் ஒரு துடைப்பக் குச்சியை விட்டு லேசாகத் தொடுங்கள். மகரந்தத் தாள்கள் கண்ணெதிரே வளைந்து உள்பக்கம் குவியும். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களைத் தொடச் சொல்லுங்கள், முள் மட்டும் பத்திரம்.

எழுபத்தெட்டு வயது அம்மா ஐந்து மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். கிராமத்தில் இருந்தவர். உங்கள் பகுதியை நான் படித்துக் காட்டுவேன். "எனக்கு நாற்பது தப்படி ஏது?" என்று போன வாரம் கேட்டார். அவருக்கு என்ன சொல்வது?
– ஒரு வாசகி, விருதுநகர்

அம்மாவின் கட்டிலைத் திருப்பிப் போட முடியுமா என்று முதலில் பாருங்கள். தலைமாடு ஜன்னல் பக்கம் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கால்மாடு ஜன்னல் பக்கம் வர வேண்டும், தலைக்குக் கூடுதலாக ஒரு தலையணை. ஜன்னலில் கொசுவலை இருந்தால் காலை ஒரு மணி நேரம் மட்டும் கழற்றி வையுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே மண் இருந்தால் ஒரு கறிவேப்பிலைக் கன்று, இல்லையென்றால் தொட்டியில் ஒரு எலுமிச்சை. இரண்டில் எதற்கும் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி வந்து முட்டை வைக்கும். புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும், பிறகு பச்சையாக மாறும். தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். கூடு கட்டிய கொப்பை ஒடித்து ஒரு பாட்டிலில் செருகி அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் காலையில்தான் வெளிவரும், சிறகு காய ஓரிரு மணி நேரம் அங்கேயே இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துவிடுங்கள்.

ஜன்னல் ஓரத்தில் கொஞ்சம் கம்புத் தானியம் போட்டு வையுங்கள். விருதுநகரில் தவிட்டுக்குருவிகள் வராமல் இராது. ஏழெட்டுப் பேராக வந்து சத்தம் போடும். ஒரு நாளைக்கு எத்தனை வந்தது என்று அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கிராமத்தில் அவர் அந்தக் குருவியை வேறு பெயரில் சொல்லியிருப்பார். அந்தப் பெயர் என்ன, அந்த ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது, இரண்டையும் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அம்மாவுக்கே நேராகப் பதில் எழுதுகிறேன்.